பொட்டிக்குள் பொட்டியும் கலாவின் வேனும்

“லேப்டாப்பு திரும்பிடுச்சு. வண்டி திரும்பல.”

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அடுப்பில் காரக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அருள் சமையலறை வாசலில் வந்து நின்று இதைச் சொன்னார். திறந்த லேப்டாப்பைப் பச்சைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

எது திரும்பவில்லை, எங்கே போய்த் திரும்பவில்லை என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் தலையை ஆட்டினார்.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டை ஒட்டியே அவருடைய மெக்கானிக் ஷெட். அங்கே, ஸ்டேஷனில் சவாரி ஏற்றும் கலாவின் வேன் நின்றிருந்தது. இன்ஜின் திக்கித் திணறி ஓட, பின்னாலிருந்து கரும்புகை வந்து, கொடியில் காயப்போட்டிருந்த என் யூனிஃபார்ம் சட்டையைத் தடவிக்கொண்டு போனது. டீசல் நாற்றத்தோடு குழம்பு வாசனையும் சேர்ந்து, அதற்குள் எண்ணெயில் கிடந்த அப்பளமும் கருகிவிட்டது. இன்றைக்கும் எந்த வீட்டில் அப்பளம் கருகினாலும் எனக்கு அந்த வேன்தான் நினைவுக்கு வருகிறது.

போன வாரம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக நான் போட்ட சண்டையை இதே பக்கத்தில் படித்துவிட்டு, ‘உங்களுக்கு இவ்வளவு கோபம் வருமா’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வரும் தாயே. இந்த வாரமும் வரும்.

ஷெட்டுக்கு வந்த வரலாறு

அருள் முன்பு ஒரு கார் ஆலையில் லைனில் நின்றவர். நான் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் கம்ப்யூட்டர் செக்‌ஷன். இரண்டு பேருக்கும் ஒரே பஸ் ஸ்டாப், வேறு வேறு பஸ். என் பஸ் லேட்டாக வந்த நாட்களின் புண்ணியத்தில்தான் எங்கள் கல்யாணம் நடந்தது.

கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டார். நாள் முழுக்கக் கதவு மட்டும் மாட்டிக்கொண்டிருந்தால் காரையே மறந்துவிடுவேன் என்றார். எங்கள் அம்மா வீட்டில் ஒரு பாட்டம் அழுது தீர்த்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் அவர் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விடும்போது அந்த முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்த்த பிறகு, திரும்பப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் காலத்து இன்ஜினுக்கு ஸ்பேனர் மட்டும் போதாது. எவ்வளவு டீசல், எந்த நொடியில், எவ்வளவு காற்றுக்கு என்று கணக்குப் போட உள்ளே ஒரு சின்னக் கணினி இருக்கிறது. ஈசிஎம் என்பார்கள். அந்தக் கணக்குகளின் மொத்தத் தொகுப்புக்குப் பெயர் மேப். லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிளை ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டி, மேப்பைப் படித்து, திருத்தி, திரும்ப எழுதலாம். இன்ஜின் ட்யூனிங் என்று பெரிதாகச் சொல்வதெல்லாம் இதுதான்.

அதற்கான சாஃப்ட்வேரைக் கோயம்புத்தூரில் மூடிய ஒரு ஒர்க்‌ஷாப்பிலிருந்து அருள் வாங்கிவந்தார், ஒரு பழைய லேப்டாப்போடு சேர்த்து. மூடியின் கீல் உடைந்து, சுவரில் சாய்த்து வைத்தால்தான் நிற்கும் லேப்டாப். அது ஒருநாள் ஒரேயடியாகக் கண்ணை மூடிக்கொண்டது. புது லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் சாஃப்ட்வேர் ஏற மாட்டேன் என்றது. அந்தக் காலத்து விண்டோஸில் மட்டும்தான் அதற்கு உயிர்.

பொட்டிக்குள் பொட்டி

எங்கள் ஆலையிலும் இதே கதை ஒன்று உண்டு. பிரேக் சோதிக்கிற ஒரு பழைய மெஷின். அதன் சாஃப்ட்வேரைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. நாங்கள் என்ன செய்தோம் என்றால், புதுக் கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியைப் பொய்யாக உண்டாக்கி, அதற்குள் அந்தச் சாஃப்ட்வேரைக் குடிவைத்தோம். விர்ச்சுவல் மெஷின். அந்தச் சாஃப்ட்வேர் தான் இன்னும் பழைய காலத்திலேயே இருப்பதாக நம்பிக்கொண்டு நிம்மதியாக ஓடும்.

அதையே அருளின் லேப்டாப்பிலும் செய்து கொடுத்தேன். திரைக்குள் இன்னொரு திரை விரிந்து, பச்சைப் புல்வெளியும் நீல வானமுமாகப் பழைய விண்டோஸ் வந்து நின்றதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். விர்ச்சுவல் மெஷின் என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. ‘பொட்டிக்குள்ள பொட்டி’ என்றே வைத்துக்கொண்டார். பிறகு எனக்கும் அதுவே பழகிவிட்டது.

ஒரே தொல்லை அந்தக் கேபிள். அதைச் செருகியதும் வெளிப்பொட்டி, அதாவது புது லேப்டாப், லபக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மாமனார் மாதிரி, வருகிறவர்கள் எல்லோரும் தன்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று அதற்கு நினைப்பு. அதனிடமிருந்து பிடுங்கி உள்பொட்டிக்குக் கொடுக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்தேன், உடனே கற்றுக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன். வினை அங்கேதான் இருந்தது.

அந்தப் பட்டன்

பொட்டிக்குள் பொட்டியில் ஒரு வசதி உண்டு. எல்லாம் நன்றாக இருக்கும்போது ஒரு நிலையைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஸ்னாப்ஷாட் என்று பெயர். பின்னால் ஏதாவது கோளாறு ஆனால் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், உள்பொட்டி அந்த நிலைக்கே திரும்பிவிடும். அருளுக்கு நான் சொன்ன வார்த்தை இதுதான்: “எது கெட்டாலும் இத அமுக்குங்க. எல்லாம் பழையபடி ஆயிடும்.”

எல்லாம் என்றால் எல்லாம் என்று எடுத்துக்கொண்டார் மனிதர்.

அந்தச் சனிக்கிழமை நடந்தது இது. கலாவின் வேன் ஆள் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ட்யூனிங்குக்கு வந்தது. அருள் முதலில் அதன் மேப்பைப் படித்து உள்பொட்டியில் சேமித்தார். வெளிப்பொட்டியில் ஒரு நகல் போட்டு வையுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தும், அவருக்கு எல்லாமே கண் எதிரில் அந்தப் புல்வெளி மேலேயே இருக்க வேண்டும். அப்புறம், இதே ரக வேனுக்கு முன்பு செய்து வைத்திருந்த ஒரு மேப்பை ஏற்றினார். அது ஒத்துவரவில்லை. வேன் புகையைக் கக்கியது.

பழைய மேப்பைத் திரும்ப எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அருள் பட்டனை அமுக்கினார். உள்பொட்டி சமர்த்தாகப் பழைய நிலைக்குப் போனது. போகும்போது, காலையில் சேமித்த கலாவின் மேப்பையும் இல்லாததாக ஆக்கிவிட்டுப் போனது. பிடித்து வைத்த நிலையில் அந்த ஃபைல் கிடையாதே. வேனோ வெளியே நிற்கிறது. அதற்கு இந்தப் பட்டனைப் பற்றி என்ன தெரியும்?

இதில் அவர் கலாவிடம் வேறு போய், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, ஸ்டார்ட் பண்ணு என்று சொல்லியிருக்கிறார்.

நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்பது குடும்பப் பத்திரிகைக்கு ஆகாது. கத்தி முடித்துவிட்டு லேப்டாப்பை வாங்கி எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். அழிந்த ஃபைலைத் தேடும் சாஃப்ட்வேர்களை ஒவ்வொன்றாக ஓட்டினேன். சாயந்திரம்வரை தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அவர் பக்கத்திலேயே மோடாவில் உட்கார்ந்து காரக்குழம்பில் விரலை விட்டு நக்கிக்கொண்டிருந்தார். பயம் வந்தால் அவருக்குப் பசிக்கும்.

வரிசையில் அடுத்தவர்

கலாவுக்கு அந்த வேன் என்ன என்று சொன்னால்தான் விஷயத்தின் கனம் புரியும்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் ஆலைகளுக்குப் போகிற கூட்டம் படியில் இறங்கி வரும். வெளியே ஷேர் ஆட்டோக்களும் வேன்களும் நிற்கும். கலா பல காலம் அங்கே ஷேர் ஆட்டோ ஓட்டினாள். அப்புறம் செகண்ட் ஹாண்டில் இந்த வேனை எடுத்தாள். காருக்கு ஒயர் கட்டுகிற ஓர் ஆலையில் முதல் ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள், எங்களுக்குப் பெண் டிரைவர் வேண்டும் என்று ஒன்றாகக் கேட்டு, அவர்களைக் கூட்டிப்போகும் பொறுப்பு கலாவுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ஆரம்பம். வேன் வரவில்லை என்றாலோ, கேட்டில் புகை விட்டாலோ, வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். டிரான்ஸ்போர்ட் பார்க்கிற அதிகாரி அப்படிச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

அந்த அடுத்தவர் பெயர் பாஸ்கர். ஸ்டாண்டில் வேறு பெண் டிரைவர் கிடையாது. அதே ஸ்டேஷன் ஸ்டாண்டுதான். இந்த வேலை தனக்கே வரும் என்று நம்பியிருந்தவர். கலாவுக்குப் போனதும் அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அருள் மெதுவாக வாயைத் திறந்தார். அதே ஈசிஎம் நம்பர் உள்ள இன்னொரு வேன் கிடைத்தால் அதிலிருந்து மேப்பைப் படித்து இதில் எழுதிவிடலாம். அந்த வண்டியின் சாவிதானா என்று சரிபார்க்கிற பகுதி தனி, அதைத் தொடத் தேவையில்லை. நல்ல யோசனை என்றேன். அப்படி ஒரு வேன் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். காலை நீட்டி மடக்கினார். சுவரைப் பார்த்தார்.

“பாஸ்கர்கிட்டதான் கீது,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் கலாவும் என் ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குப் போனோம். அருள் வரவில்லை. அவரை நான்தான் வர வேண்டாம் என்றேன். வழியெல்லாம் கலா, “யக்கா, அவராண்ட எந்த மூஞ்ச வச்சிக்கினு கேக்கறது,” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் பயத்தில் என் தோளைப் பிடித்திருந்த பிடி மறுநாள்வரை வலித்தது.

பாஸ்கர் வேனின் படியில் உட்கார்ந்து டீயில் பன்னை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பட்டன் கதை வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்து பன் டீக்குள் விழுந்தது. அதை எடுத்துத் தின்றுவிட்டு, தன் வேனுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டார். படிப்பதோடு சரி, எதையும் எழுத மாட்டோம், ஒன்றும் ஆகாது என்றேன். அருளா படிக்கப்போகிறார் என்று கேட்டார். இல்லை, நான் என்றேன். அப்படியானால் சரி என்று தலையாட்டினார்.

அப்போதுதான் கலா வாயைத் திறந்தாள்.

“ண்ணா, நாளைக்கு என் வண்டி போவலன்னா டூட்டி உனக்குத்தான் வரும். அது தெரிஞ்சிகினுதான் வந்து கேக்கறேன்.”

பாஸ்கர் கிளாஸைக் கடைப் பலகையில் வைத்தார். ஸ்டேஷன் படிக்கட்டை ஒரு தடவை பார்த்தார்.

“அது எனக்கும் தெரியும்மா,” என்றார். “நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடியே வரேன்.”

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஸ்டாண்டில் கோயிலுக்கு வருகிற கூட்டம் உண்டு. அத்தனை சவாரியையும் விட்டுவிட்டுத்தான் வந்தார். அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மூக்கோடு மூக்கு

அருள் இரண்டு வேனின் ஈசிஎம் ஸ்டிக்கரையும் துடைத்து, ஒன்றுக்கு நாலு தடவை பார்த்தார். நம்பர் ஒன்றேதான். நான் பாஸ்கரின் வேனில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். கேபிளை மாமனாரிடமிருந்து பிடுங்கி உள்பொட்டிக்குக் கொடுத்தேன். படிக்க ஆரம்பித்தது. திரையில் அந்தப் பச்சைக் கோடு நகர்வதற்குள் நாலு ரயில் போயிருக்கும்.

படித்து முடித்ததும் உள்பொட்டியில் ஒன்று, வெளிப்பொட்டியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, என் மெயிலுக்கு ஒன்று, என் செல்போனில் ஒன்று என்று போட்டு வைத்தேன். அருள் எல்லாவற்றையும் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் ரொம்ப நல்ல பிள்ளை.

இனி கலாவின் வேனில் எழுத வேண்டும். படிக்கும்போது நின்றுபோனால் மறுபடி படிக்கலாம். எழுதும்போது பாதியில் நின்றால் ஈசிஎம் அவ்வளவுதான், உயிரே போய்விடும். எழுதுகிற நேரம் முழுக்க வேனின் பேட்டரி இறங்காமல் இருக்க வேண்டும். கலாவின் பேட்டரியோ பழசு. அதற்காக ஷெட்டில் ஒரு சார்ஜர் உண்டு, அதை மாட்டினோம். மாட்டிய சூட்டோடு கரண்ட் போனது.

கரண்ட் வரட்டும் என்றார் அருள். கலா ஷெட்டுக்கு வெளியே போய் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது என்று முதுகே சொன்னது. மத்தியானம் வரை கரண்ட் வரவில்லை. அவள் சாப்பிடவும் வரவில்லை.

பாஸ்கர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய்த் தன் வேனை எடுத்தார். ரிவர்ஸ் போட்டு, திருப்பி, கலாவின் வேனுக்கு எதிரே மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தினார். சீட்டுக்கு அடியிலிருந்து தடித்த ஜம்பர் கேபிளை உருவி, தன் பேட்டரியையும் அவள் பேட்டரியையும் சேர்த்துக் கட்டினார்.

“இன்னா பாத்துகினு நிக்கற. எழுதும்மா,” என்றார் என்னிடம்.

எழுதினேன். லேப்டாப்பில் பேட்டரி பாதிதான் இருந்தது. அருள் என் பக்கத்தில் நின்று கேபிள் அசையாமல் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கை வியர்த்ததில் கேபிளே ஈரமாகிவிட்டது. கோடு கடைசிவரை போய், வெற்றி என்று ஆங்கிலத்தில் வந்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கத்தியதெல்லாம் மறந்து, அவர் கையை எல்லோர் எதிரிலும் பிடித்துக்கொண்டேன்.

கலாவைக் கூப்பிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னோம். சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் எடுத்தது. திக்கல் இல்லை, புகையும் இல்லை.

ஆள் ஏற்றிப் பார்த்தது

காலியாக ஓடுகிற வேனை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஆள் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றார் பாஸ்கர். தெருவில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஓசியில் ஒரு வேன் சவாரி என்றால் சும்மா விடுவார்களா? சாப்பிட்ட கை காயாமல் வந்து ஏறினார்கள். ஒரு அம்மா வெற்றிலைப் பெட்டியோடு வந்தார். நானும் அருளும் நடு வரிசையில் உட்கார்ந்தோம். பாஸ்கர் கலாவுக்குப் பக்கத்தில் முன் சீட்டில்.

ஒரகடம் மேம்பாலத்தில் ஏறும்போதுதான் பரீட்சை. இதுவரை அந்த ஏற்றத்தில் கலா கியரைக் குறைத்து, ஆக்ஸிலேட்டரை மிதித்து, சாமியை வேண்டிக்கொண்டுதான் ஏறுவாள். அன்றைக்கு வேன் எங்கள் எல்லோரையும் தூக்கிக்கொண்டு, போட்ட கியரிலேயே ஏறிப் போனது. கலா திரும்பி அருளைப் பார்த்தாள். அருள் என்னைப் பார்த்தார். எங்கள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்து அருள் சொன்னதுதான் சரியாக இருக்க வேண்டும். கலாவுக்கு முன்னால் வேனை வைத்திருந்தவர் எவரோ மைலேஜுக்கு ஆசைப்பட்டு மேப்பில் கை வைத்திருக்கிறார். மூச்சு வாங்கியதற்கு அதுதான் காரணம். பாஸ்கர் தன் வேனை ஷோரூமிலிருந்து புதிதாக எடுத்தவர், அதை யாரும் தொட்டதில்லை. நாங்கள் தேடித் தேடி அழுத மேப்தான் அந்த வேனின் நோயே. அது தொலைந்ததே நல்லதாகப் போயிற்று. இதைச் சொல்லும்போது அருள் முகத்தில் பழைய களை திரும்பிவிட்டது. பட்டனை அமுக்கியதே தன் திறமை என்கிற அளவுக்குப் போனார். அங்கேயே ஒரு முறை முறைத்து நிறுத்தினேன்.

பாலத்தின் உச்சியில் பாஸ்கர் தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என் வண்டி சத்தம் மாதிரியே கீது,” என்றார்.

பின்னால் இருந்தவர்கள் பாலத்திலிருந்து தெரிந்த ஆலைக் கூரைகளைக் காட்டி, அது என் மருமகன் கம்பெனி, இது உன் பிள்ளை கம்பெனி என்று பேசிக்கொண்டு வந்தார்கள். பாலம் இறங்கிச் சிக்னலில் நின்றபோது கலா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நான் லீவு போடற அன்னிக்கு நீதான்ணா ஓட்டணும். ஆபீஸ்ல சொல்லி வச்சிடறேன்.”

பாஸ்கர் சிரித்தார். “நீ எங்க லீவு போடப் போற. சிக்னல் வுட்டான் பாரு, எடு.”

திங்கட்கிழமை வேன் நேரத்துக்குப் போனது. கேட்டில் அதிகாரி பின்பக்கம் வந்து குனிந்து புகையைப் பார்த்தாராம். பார்க்க ஒன்றும் இல்லாததால் டயரைத் தட்டிவிட்டுப் போனாராம். கலா சாயந்திரம் வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதற்கு அடுத்த மாதம் ஒருநாள் எனக்கு லீவு. படப்பை மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். கலா அங்கே நின்று மீன்காரம்மாவிடம் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். தலைக்குக் குளித்து, பூ வைத்து, முகம் பளிச்சென்று இருந்தது. என்னைப் பார்த்ததும், நான் கேட்பதற்கு முன்னாலேயே, காய்ச்சல்க்கா, லீவு சொல்லிட்டேன், பாஸ்கரண்ணா ஓட்டறாரு என்றாள். சொல்லிவிட்டு மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தாள்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

இன்றைக்கும் மாதம் தவறாமல் கலாவுக்குக் காய்ச்சல் வருகிறது.